பறையும் எக்கோப் பெட்டியும்

பறையடிக்கிற குழுவுக்குக் கிதார் எதுக்கு, அந்தக் கிதாருக்கு எக்கோப் பெட்டி ஒரு கேடா என்று தோழர்கள் கேட்கிறார்கள். சுடுகாட்டுப் பாதை இல்லாத தெருக்காரர்கள் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சத்தம் வாங்க அலைகிறார்களே என்று கேலியும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. கூடவே, கைக்காசு குறைவாக வைத்துக்கொண்டு இதே மாதிரிப் பெட்டியைத் தேடுகிற மற்ற கலைக்குழுத் தோழர்களுக்கு எங்க அலைச்சல் மிச்சமாகட்டும் என்றும்தான் எழுதுகிறேன்.

துறையூர் வட்டத்தில் இருக்கிறது உப்பிலியபுரம். மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போகிறவர்கள் எங்க ஊரைத் தாண்டிப் போவார்கள். இரண்டு மலைக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு எதிரொலி புதுசு இல்லை. தமிழில் சிலம்பு என்றால் மலை. சிலம்புதல் என்றால் எதிரொலித்தல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் மலையடிவாரத்தில் நின்று கத்திப் பார்த்தவர்களாகத்தான் இருக்கணும்.

இயற்கையான எதிரொலி எல்லோருக்கும் பொது. எந்திர எதிரொலி அப்படி இல்லை. எங்க சின்ன வயசில் மைக் செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரில் எக்கோ குமிழ் ஒன்று இருக்கும். ஊர்த் திருவிழாவில் பெரிய மனுசர் பேசும்போது அந்தக் குமிழைத் திருப்பிவிடுவார்கள். 'பெரியோர்களே... களே... களே' என்று அவர் குரல் வயல்வெளி வரைக்கும் போகும். சாதாரண ஆளு பேச்சும் எக்கோ வைத்தால் அசரீரி மாதிரி ஆகிவிடும். அதிகாரத்துக்கு ஒரு சத்தம் உண்டு என்று எனக்கு அப்பத்தான் தெரிந்தது. எங்க தெருவில் காதுகுத்து, சடங்கு, அம்பேத்கர் பிறந்தநாள் என்று எதற்குக் குழாய் கட்டினாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "குழாயை ஊர்ப்பக்கம் திருப்பாதீங்கடா." குழாய் காட்டைப் பார்த்துத்தான் கத்தணும். எக்கோ வைக்கச் சொன்னால் மைக் செட்டுக்காரர் சிரிப்பார். "ஒங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" யாருடைய குரல் நீளணும், யாருடைய குரல் வாசலோடு நிக்கணும் என்பதையும் சாதிதான் முடிவு பண்ணியது.

ஆனால் ஊருக்கு எங்க சத்தமே வேண்டாமென்று இல்லை. வேண்டும், அவர்கள் சொல்லும்போது வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். எங்க பெரியப்பா பறையை எடுத்துக்கொண்டு போகணும். ராத்திரி பூரா அடிக்கணும். கூலி என்பது பெரும்பாலும் அவர்களாக இறைப்பது. ஒருநாள் பெரியப்பா இனிமேல் சாவுக்கு அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக எங்களுக்குக் கிடைத்த வேலைநிறுத்தம், கடை நிறுத்தம், வசவு எல்லாம் தனிக்கதை. அவர் பறையைச் சுவத்தில் மாட்டியவர் மாட்டியவர்தான்.

இது எங்க ஊருக்கு மட்டும் நடந்தது இல்லை. 1980களிலும் 90களிலும் தமிழ்நாடு முழுக்க ஓடிய வாதம். பறை அடிமைச் சின்னம், உடைத்துப் போடு என்றது ஒரு பக்கம். அது எங்க கலை, அடிமைத்தொழிலைத்தான் விடணும், வாத்தியத்தை ஏன் விடணும் என்றது இன்னொரு பக்கம். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில் பறை சாவு வீட்டை விட்டு மேடைக்கு வந்தது. அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லோரும் அழைத்தவர், கர்நாடக இசையை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் செய்தார். 2005ல் இறந்தார். இந்த வாதத்தில் நான் இரண்டு பக்கத்தையும் மதிக்கிறேன். பெரியப்பா மறுத்ததால்தான் நாங்கள் இன்றைக்கு விருப்பத்தோடு அடிக்க முடிகிறது. மறுக்கிற உரிமை இல்லாதவன் அடிப்பது கலை ஆகாது.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது கருப்பொருள் பாடம் வந்தது. ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம் போல ஒரு பறையும் உண்டு என்கிறது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி. பாடம் சொன்னவர் 'பறை' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். வகுப்பும் பார்த்தது. ஐந்து நிலத்துக்கும் பொதுவாக இருந்த வாத்தியம் எப்படி ஒரு சாதியின் தோளில் மட்டும் தொங்கியது என்று அன்றைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

இப்ப கிதாருக்கு வருகிறேன். எங்க குழுவில் ஐந்து பறை. கிதார் வாசிப்பது சித்தப்பா மகன். திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது கூட இருந்த பையனிடம் கற்றுக்கொண்டான். கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய கிவ்சன் எலக்ட்ரிக் கிதார். திருச்சிக்குக் கிதார் புதுசு இல்லை. 1920களின் கடைசியில் ரயில்வே ஒர்க்‌ஷாப் பொன்மலைக்கு வந்தது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன, கிதாரும் கூட வந்தது. பிறகு சர்ச், சினிமா, லைட் மியூசிக். பொன்மலைக்கு வந்தது உப்பிலியபுரம் காலனிக்கு வருவதற்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினார்கள். கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதைப் பார்த்துத்தான் எங்க தம்பிக்குத் துணிச்சல் வந்தது.

ஆனால் பறையோடு கிதாரைச் சேர்த்தால் கிதார் காணாமல் போய்விடுகிறது. ஐந்து பறை சேர்ந்து விழும்போது கம்பியின் ஒலி ஒரு கீறல் மாதிரி வந்து செத்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் பாக்ஸில் இருக்கிற ட்வீட்டர் காதைக் கிழிக்கும். "ஒரு டிலே பெடல் இருந்தா நிக்கும்க்கா" என்றான் தம்பி. காலால் மிதித்து இயக்குகிற சின்னப் பெட்டி. வாசித்ததைக் கொஞ்சம் பிந்தி மறுபடியும் தரும். "வார்ம் டோன் வேணும்" என்றும் சொன்னான். சத்தத்தில் என்னடா கதகதப்பு என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. திண்ணையில் இருந்த பெரியப்பா சொன்னார்: "காய்ச்சாத பறைக்கும் காய்ச்சின பறைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

வேப்பமர வட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டின தோல், பனிக்காலத்தில் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டணும். அதிகம் காட்டினால் தோல் வெடிக்கும், குறைச்சால் 'பொத்'தென்று கேட்கும். கைப்பக்குவம் அது. கதகதப்பான ஒலி என்பதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்லவேண்டியது இல்லை.

பணம் சேர்த்தது மூன்று மாசம். நிகழ்ச்சிக்குக் கிடைத்ததில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தோம். துறையூர் வழியாகச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, தம்பியும் நானும் ஒரு கடைக்குப் போனோம். கடை பெயர் வேண்டாம். கடைக்காரர் தம்பியிடம்தான் பேசினார், பணப்பை என் கையில் இருந்தாலும். "எந்த சர்ச்சு தம்பி?" சர்ச் இல்லை என்றான். "எந்த ஊரு?" உப்பிலியபுரம். "உப்பிலியபுரத்துல எங்க?" நான் தெருவின் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து சொருகிக் காட்ட அவருக்கு வயர் கிடைக்கவில்லை. "வாங்கறதுன்னா சொல்லுங்க, பிரிக்கறேன்" என்றார். கேட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம். வெளியே வந்துவிட்டோம்.

வந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். பொருளைப் பற்றித் தெரிந்தவளை அவ்வளவு சுலபமாக விரட்ட முடியாது.

முதலில் இது டேப்பில்தான் நடந்தது. ஒரு முனையில் பதிந்த ஒலி, டேப் ஓடி அடுத்த முனைக்கு வரும்போது திரும்பக் கேட்கும். 1954ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் இரண்டு டேப் மெஷினை வைத்து எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டுக்கு எக்கோ கொடுத்தார். அந்தப் பாட்டு ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பருடையது. எல்விஸ் உலகப் புகழ் பெற்றார். க்ரூடப்புக்கு உரிய பணம் முழுசாக வந்து சேரவே இல்லை. பாட்டு ஒருத்தருடையது, எதிரொலியின் கூலி இன்னொருத்தருக்கு.

கதை ஜமைக்காவில் திரும்புகிறது. கிங்ஸ்டன் நகரத்துக் கிங் டப்பி (1941–1989) ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்த்த ஆள். தெருவில் கட்டுகிற மைக் செட்டுதான் அவர் உலகம். பதிவான பாட்டிலிருந்து குரலை வெட்டி, ஒரு சொல்லை மட்டும் எக்கோவில் தூக்கி எறிந்தார். அதிலிருந்து 'டப்' என்ற இசையே பிறந்தது. லீ பெர்ரி 1973ல் தன் வீட்டுப் பின்புறத்தில் சின்ன ஸ்டூடியோ கட்டி, ரோலண்ட் கம்பெனியின் ஸ்பேஸ் எக்கோ என்ற டேப் மெஷினை ஒரு வாத்தியம் மாதிரியே கையாண்டார். ஏழைத் தெருவின் ரிப்பேர்க்காரர்கள் எக்கோ குமிழைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். படித்தபோது எங்க மைக் செட்டுக்காரர் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

டேப் மெஷின் கனம், விலையும் கனம். அதைக் காலடிப் பெட்டிக்குள் அடக்கியது ஒரு சில்லு. 1969ல் பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் செய்தது. அதற்கு 'பக்கெட் பிரிகேட்' என்று பெயர். கூரை பற்றிக்கொண்டால் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவோம் இல்லையா, அதே வேலை. ஒலி, மின்சாரமாக ஒரு சின்னச் சேமிப்புக் கலத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைமாறிக் கடைசியில் வெளியே வரும். கைமாற்றுகிற வேகத்தைக் குறைத்தால் ஒலி பிந்தி வரும். ஆனால் வேகம் குறையக் குறைய, மேல்சுருதியின் கூர்மையை வடிகட்டி எடுத்தாகணும், இல்லையென்றால் இரைச்சல் புகுந்துவிடும். அதனால் திரும்பி வருகிற ஒலி மூலத்தைவிட மங்கலாக, உருண்டையாக இருக்கும். ஒவ்வொரு திரும்பலிலும் இன்னும் கொஞ்சம் மங்கும். குறையாகப் பிறந்த இந்த மங்கலைத்தான் 'வார்ம்' என்று கொண்டாடுகிறார்கள். 1981ல் வந்த பாஸ் டிஎம்-2 இந்த வகை.

1983ல் அதே பாஸ் கம்பெனி டிஜிட்டல் டிலே பெடல் கொண்டுவந்தது. ஒலியை எண்ணாக மாற்றிச் சேமித்து அப்படியே திருப்பித் தரும். நேரமும் அதிகம், சுத்தமும் அதிகம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி கம்பெனியின் பிடி2399 என்ற சில்லு. கரோக்கி மெஷினில் பாடுகிறவர் குரலுக்கு எக்கோ கொடுக்கச் செய்தது. உள்ளுக்குள் டிஜிட்டல்தான். ஆனால் சத்தம் கொஞ்சம் மங்கலாக, டேப் சாயலில் வரும். நேரத்தை நீட்டினால் கரகரப்பு ஏறும். விலை மலிவு என்பதால் ஏகப்பட்ட சின்னப் பெடல்களில் இதுதான் இருக்கிறது, சிலவற்றின் மேல் 'அனலாக்' என்றும் எழுதியிருக்கும். ஏமாறவேண்டாம். ஆனால் ஒதுக்கவும் வேண்டாம். நேரத்தைக் குறைச்சலாக வைத்தால் நல்லாவே பேசும்.

அப்ப எங்களுக்கு எது வேணும்? இங்கேதான் கணக்கு உதவியது. நிமிசத்துக்கு 100 அடி விழுந்தால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 600 மில்லி செகண்டு. அதில் பாதி 300. எங்க ஆட்டம் 100க்குக் கீழே வருவது அபூர்வம், 140க்குப் போகும். 140ல் பாதி அடி என்பது ஏறத்தாழ 214 மில்லி செகண்டு. அப்படியானால் 300 மில்லி செகண்டுக்கு மேல் தருகிற பெட்டிக்குக் காசைக் கொட்டவேண்டிய தேவை இல்லை. எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி என்று ஒரு நல்ல பெடல், 2008ல் வந்தது, 600 மில்லி செகண்டு வரை போகும். நல்ல பொருள், எங்க பைக்கு எட்டாது. டிசி எலக்ட்ரானிக் எக்கோபிரெய்ன், பெரிங்கர் விடி400 இரண்டும் வாளி கைமாற்றுகிற வகை, இரண்டும் 300 மில்லி செகண்டு. பெரிங்கருக்குப் பிளாஸ்டிக் உடம்பு, டிசிக்கு இரும்பு மாதிரி கெட்டியான உடம்பு.

இந்த 300ல் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒலி ஒரு செகண்டில் ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 300 மில்லி செகண்டில் 103 மீட்டர். போய்த் திரும்ப என்றால் பாதி. அதாவது 51 மீட்டர் தூரத்தில் இருக்கிற ஒரு சுவரில் மோதித் திரும்புகிற சத்தம். எங்க தெருமுனையில் நின்று பறையடித்தால், ஊர்க்கோடியில் இருக்கிற களத்துச் சுவரில் பட்டுத் திரும்பும். காலடியால் அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். இத்தனை காலமும் எங்க சத்தத்தைத் திருப்பி அனுப்பியது அவர்கள் சுவர். இனிமேல் அந்த எதிரொலி எங்க காலடியில் இருக்கும், எப்ப வேணும் என்று நாங்களே மிதிப்போம்.

கடைசியில் கடையை நம்பவில்லை. திருச்சியில் சர்ச்சில் வாசிக்கிற ஒரு அண்ணன், தம்பிக்குத் தெரிந்தவர், தன்னிடம் இருந்த மூன்று பெட்டியையும் எடுத்துக்கொண்டு எங்க தெருவுக்கே வந்தார். ஒன்று டிஜிட்டல், ஒன்று பிடி2399, ஒன்று வாளி வகை. வாடகை மைக் செட்டில் சொருகி, கூடவே இரண்டு பறையும் அடித்துத்தான் கேட்டோம். தனியாகக் கேட்டால் டிஜிட்டல்தான் அழகு, கண்ணாடி மாதிரி. பறையோடு கேட்டால் சண்டை. அடிக்குச்சி விழுகிற அதே கூர்மையில் திரும்பலும் விழுவதால், தாளம் தப்பி ஆறாவது ஆள் ஒருத்தன் அடிப்பது போல இருந்தது. வாளி வகையில் திரும்பல் பறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கிதார் நின்றது, பறையை மறைக்கவில்லை.

பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். டிஜிட்டலைப் பற்றி, "இது சொன்னதையே சொல்லுது" என்றார். வாளி வகைக்கு, "இது போய்ட்டு வருது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கம்பெனி விளம்பரமும் எனக்கு விளக்கவில்லை. கரோக்கிச் சில்லுக்காரனையும் அவர் தள்ளவில்லை. "கொஞ்சம் சளி பிடிச்ச தொண்டை. பரவால்ல" என்றார்.

வாளி வகைப் பெட்டியைப் பழசாக மூவாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார் அண்ணன். மீதிப் பணத்தில் நல்ல அடாப்டர், இரண்டு வயர். தோழர்கள் இதைக் கவனிக்கணும். பெட்டிக்கு 9 வோல்ட் போதும். ஆனால் நடுமுனை நெகட்டிவாக இருக்கிற அடாப்டர் வேணும். வீட்டில் கிடக்கிற ஏதோ ஒன்றைச் சொருகினால் பெட்டி புகையலாம். மலிவு அடாப்டர் 'உம்ம்' என்று இரையும். ஜெனரேட்டரில் ஓட்டுகிற நிகழ்ச்சி என்றால் 9 வோல்ட் பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும். வாளி வகை பேட்டரியை மெதுவாகத்தான் குடிக்கும், டிஜிட்டல் சீக்கிரம் தீர்த்துவிடும். குமிழ் மூன்று: எவ்வளவு பிந்தணும், எத்தனை தரம் திரும்பணும், எவ்வளவு சத்தமாகத் திரும்பணும். நடுவில் சொன்னதை முழுசாகத் திருப்பினால் சத்தம் தன்னைத்தானே தின்று பெருத்து ஊளையிடும். பெரிய பாட்டின் முடிவில் அந்த ஊளையும் ஒரு ஆயுதம்தான்.

ஏப்ரல் 14 சாயந்திரம் தெருமுனையில் மேடை. கூம்புக் குழாய்க்குத் தடை வந்துவிட்டதால் இப்ப பாக்ஸ்தான். இரண்டு பாக்ஸை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். வழக்கம்போல ஆள் வந்து சொன்னது. அனுமதிக் கடிதத்தைக் காட்டினோம், அதில் எந்தத் திசை என்று எழுதியில்லை. வைக்கோல் கொளுத்திப் பறை காய்ந்தது. பெரியப்பா தோல் பதம் பார்த்துத் தட்டிக் கொடுத்தார், அடிக்க மட்டும் வரவில்லை. அது அவர் முடிவு. தம்பி முதல் மீட்டை மீட்டிப் பெட்டியை மிதித்தபோது, கம்பியின் ஒலி பறைகளுக்கு அடியில் படுத்து, எழுந்து, தெருவைத் தாண்டிப் போனது. ராத்திரி பத்து மணி சட்டப்படி முடித்தோம்.

சுடுகாட்டுப் பாதைக்கு மனு கொடுத்து இரண்டு வருசம் ஆகிறது. அந்த மனுவையும் அன்றைக்கு மேடையில்தான் மைக்கில் வாசித்தோம், ஊர் கேட்கட்டும் என்று. பாதையைக் கேட்கிற வாயும் பாட்டுப் பாடுகிற வாயும் வேறுவேறு இல்லை. முதலில் பாதை, பிறகு பாட்டு என்று எங்களை வரிசையில் நிற்கச் சொல்லாதீர்கள். வரிசையில் கடைசியாக நின்றே பழகினவர்கள் நாங்கள்.

இப்ப அடுத்த தேவை சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர். வாடகை மைக் செட்டு இன்னமும் ஊர்க்காரர் கையில்தான் இருக்கிறது. பழசு வைத்திருக்கிற தோழர்கள் தெரிவிக்கலாம், ரிப்பேர் இருந்தாலும் பரவாயில்லை. தம்பி சால்டரிங் கற்றுக்கொண்டிருக்கிறான்.